சந்தனம் மறைத்த நம்பர்

ஹட்டனில் கார், லாரி விற்கும் கம்பெனி ஒன்றில், ஸ்பெயார் பாட்ஸ் கவுண்டரில் நான் வேலைக்கு நின்ற காலத்தில் புத்தகம் பார்ப்பது என்றாலே எனக்குக் கௌரவக் குறைச்சல். புத்தகம் என்றால் உதிரிப் பாகங்களின் பட்டியல் புத்தகம். ஒவ்வொரு வண்டிக்கும் தடித்த அட்டை போட்ட ஒன்று இருக்கும். வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படம் வரைந்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். வேறு யாராவது அந்தக் கவுண்டரில் நின்றிருந்தால் ஆள் வந்து கேட்டதும் புத்தகத்தைப் பிரித்திருப்பான். நான் பிரிக்க மாட்டேன். வந்த டிரைவர் பாதி சொல்வதற்குள் சாமானை எடுத்து அவர் முன்னால் வைத்துவிடுவேன். "அடேயப்பா!" என்பார்கள். அந்த அடேயப்பாவுக்காகத்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை.

மீதி உண்மை, தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வெள்ளைச் சட்டை பிடித்திருந்தது. தோட்டங்களிலிருந்து வரும் டிரைவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள். யாரும் சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "மேட்டுல ஏறுறப்ப முக்குதுங்க, எறங்குறப்ப கிக்கிக்கீன்னு சிரிக்குதுங்க, அதுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுங்க" என்பார்கள். "வண்டிக்கா, ஒங்களுக்கா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் சாமான் சரியாக இருக்கும். என் வாய்க்கொழுப்பை எல்லாரும் பொறுத்துக்கொண்டது அதனால்தான்.

பொறுத்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் பட்டறையின் தலைமை மெக்கானிக். சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். சின்னவன் பெரியவன் எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் புத்தகம் பார்க்காமல் சாமான் கொடுப்பதைக் கண்டால் அவருக்கு மூக்கு விடைக்கும். "பொத பலன்ன, மல்லி" என்பார். புத்தகத்தைப் பார் தம்பி என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். நானும் நாலு தடவையும் தலையை ஆட்டிவிட்டு என் பாட்டுக்குப் போவேன். கிழவனுக்குக் கண் தெரியவில்லை, அதனால் எனக்கும் தெரியாது என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முன்பு டசன் கணக்கில் கிடந்த சாமான்களெல்லாம் ஒன்று இரண்டு என்று சுருங்கியிருந்தன. பல தட்டுகளில் ஒற்றைச் சாமான்தான் இருந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தபோது ஸ்டோரில் ஆளாளுக்கு ஒரு யோசனை. வழக்கமாக ஸ்பேனர், ஜாக்கி, தராசு இவற்றைக் கழுவிப் பொட்டு வைப்போம். இந்த வருஷம் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு சாமான் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், அப்போதுதான் கப்பல் வரும், தட்டு நிறையும் என்று பட்டறை ஆட்கள் சொன்னார்கள். பெட்டியோடு வைக்கலாமே என்று நான்தான் கேட்டேன்.

"நல்லா இருக்கே ஞாயம்! பெட்டிக்குப் பொட்டு வச்சா பெட்டிக்குத்தான் பலன். சாமானுக்கு என்னா பலன்?" என்றார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர்.

அதற்கு மேல் யார் பேசுவது? எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து பிரித்தோம். எங்கள் மேனேஜர் கண்டிச் சிங்களவர், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார், தேங்காய் உடைத்தபோது கும்பிட்டார், அவலும் கடலையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து சாமான் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். ரப்பரில் சந்தனம் ஒட்டாது. அதனால் ரப்பர் சாமானுக்கெல்லாம் நுனியில் இருக்கிற இரும்புப் பூணில் வைத்தேன். அந்தப் பூணில்தான் நம்பர் வெட்டியிருக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். நம்பர் யாருக்கு வேண்டும் என்ற திமிர்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் பெட்டிகளில் திரும்பப் போட்டேன். நூறு சாமானுக்கு மேல் இருக்கும். கண்ணால் பார்த்து, கையால் எடை பார்த்து, மடமடவென்று போட்டு முடித்தேன். பாஸ் அந்தப் பக்கமாகப் போனவர், "பொத பலன்ன" என்றார். "எல்லாம் முடிஞ்சிருச்சு பாஸ்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவர் பஸ் பிடித்து வந்தார். நல்ல பழக்கமான மனிதர். கறுத்த, ஒல்லியான உடம்பு, சத்தம் போடாமல் பேசுவார். லாரியின் முன்சக்கரத்துப் பிரேக் ஹோஸ் வெடித்துக் கசிகிறது என்றார். பிரேக் எண்ணெய் சக்கரத்துக்குப் போகிற ரப்பர்க் குழாய் அது. முழங்கை நீளம்கூட இருக்காது. ஆனால் அது போனால் அந்தக் காலத்து லாரியில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை.

"இருக்குங்களா தம்பி? இல்லேன்னு சொல்லிறாதீங்க" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குண்ணே. ஒங்களுக்குன்னே வச்சிருக்கேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். பூணில் சந்தனமும் குங்குமமும் இருந்ததைப் பார்த்ததும் அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மவளுக்குக் கல்யாணம் தம்பி. சனிக்கெழம டயகமவுல முகூர்த்தம். வெள்ளிக்கெழம காலையில எட்டரைக்குப் பொண்ண ஏத்திக்கிட்டு, சாதிசனம் ஐம்பது பேரோட நம்ம லாரியிலதான் போறோம். தோட்டத்துத் தொரை வண்டிய எங்களுக்கு விட்டுட்டாரு. நான்தான் ஓட்டுறேன். நீங்களும் வந்துருங்க."

வருகிறேன் என்று வாயால் சொன்னேன். அவர் அந்த ஹோஸைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. கடை திறந்ததும் பாஸ் கவுண்டருக்கு வந்தார். ஆசுபத்திரி டாக்டரின் சின்னக் கார் பட்டறையில் நிற்கிறது, பின்பக்கத்துப் பிரேக் ஹோஸ் வேண்டும் என்றார். பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் பிரித்து, உள்ளே இருந்ததைக் கையில் எடுத்து, விரலால் சாணளந்து பார்த்தார். பிறகு அதைக் கவுண்டரில் வைத்தார்.

"மேக்க நெவெய், மல்லி." இது இல்லை தம்பி.

அது நீளமாக இருந்தது. டாக்டர் காருக்கு வேண்டியதைவிட இரண்டு இன்ச் நீளம். என் பெருவிரலால் பூணில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். நம்பர் தெரிந்தது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் புத்தகத்தைப் பிரித்தேன். லாரியின் முன்சக்கரத்து ஹோஸ் அது. அப்படியானால் அந்த மனிதர் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது டாக்டர் காரின் ஹோஸ். இரண்டுக்கும் ஒரே திருகு மரை, ஒரே தடிப்பு. மாட்டினால் அழகாகப் பொருந்தும். வண்டி நேராகப் போகும்வரை பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். முழுசாக ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் சக்கரம் ஹோஸை இழுக்கும். இரண்டு இன்ச் குறைவான ஹோஸ் எவ்வளவு இழுபடும்? ஒரு கொண்டை ஊசி வளைவு தாங்கலாம், இரண்டு தாங்கலாம். டயகமவுக்குப் போக நோட்டன் பிரிட்ஜிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்குகிற ரோட்டில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

"பாஸ், கல்யாண லாரி… ஐம்பது பேரு…" என்று உளறினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் கையிலிருந்த புத்தகத்தையும் ஹோஸையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எண்ணெ டின் எடு" என்றார்.

மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மூடி மறைத்துச் சொல்ல நேரமும் இல்லை, புத்தியும் இல்லை. அவர் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் போட்டார். எக்ஸ்சேஞ்சில் லைன் இல்லை என்றார்கள். கம்பெனி வேனின் சாவியை மேசையில் போட்டார். "மத்ததெல்லாம் பொறகு பேசலாம். போ" என்றார். என் வேலை போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த நினைப்பே எனக்கு இல்லை என்பதையும்.

பாஸ் வேனை ஓட்டினார். நான் மடியில் புத்தகம், அதன் மேல் ஹோஸ், காலிடுக்கில் பிரேக் எண்ணெய் டின் என்று உட்கார்ந்திருந்தேன். கினிகத்தேனையில் பஸ் நிற்கும் இடத்தில் கேட்டோம். கல்யாண லாரி எதுவும் போகவில்லை என்றார்கள். அதுவரைக்கும் நல்லது. அங்கிருந்து நோட்டன் ரோட்டில் ஏறினோம். எதிரே ஒரு லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றது. ஒவ்வொரு வளைவிலும் வலது பக்கத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முருகா, ஆத்தா, மாதாவே என்று தெரிந்த பெயரெல்லாம் சொன்னேன். பாஸ் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் முழங்காலைத் தட்டினார். அதுவும் ஒரே ஒரு தடவைதான்.

தோட்டத்துக்குள் திரும்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டினால் மாரியம்மன் கோயில். அங்கே கூட்டம் நின்றது. பட்டுச்சேலையும் பூவுமாகப் பொம்பளைகள், வேட்டி கட்டிய ஆண்கள், நடுவில் தலை குனிந்தபடி பொண்ணு. எல்லாரும் தரையில் நின்றார்கள். லாரி கோயிலுக்குப் பின்னால், தேயிலைச் சரிவின் மண்மேட்டில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. அதன் மேல் கட்டிய வாழைமரம் ஒன்று சாய்ந்திருந்தது. அவ்வளவுதான் சேதம். நான் வேனிலிருந்து இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, ஐயோ என்று சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஹோஸை முந்தின ராத்திரிதான் மாட்டியிருந்தார்கள், அதுவரை லாரி நின்ற இடத்திலேயே நின்றது. கல்யாண வண்டி கிளம்புமுன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வெற்று லாரியைக் கோயிலைச் சுற்றி ஒரு சுற்று கொண்டுவர வேண்டும். அது முடிகிற வரைக்கும் சனம் ஏறக் கூடாது. அந்தத் தோட்டத்து வழக்கம் அது. கோயிலைச் சுற்றிய பாதை ரொம்பக் குறுகல். முழுசாக ஒடித்தால்தான் லாரி திரும்பும். ஒடித்தார். கோயிலின் பின்பக்கத்து மூலையில் ஹோஸ் பூணோடு பிய்ந்துகொண்டது. மிதித்தால் பிரேக் அடிவரைக்கும் போயிற்று. நடக்கிற வேகத்தில் போன லாரி மண்மேட்டில் முட்டி நின்றது.

"ஆத்தாதான் காப்பாத்துனா! ரோட்டுல ஆயிருந்தா?" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிக்கு வச்சுக் கும்பிட்ட சாமான் தாயீ, அதான் சாமி முன்னாலயே பிஞ்சுக்கிருச்சு" என்றார் இன்னொருவர். என்னைப் பார்த்ததும் யாரோ, "அந்தா, சாமான் குடுத்த தம்பியே வந்துட்டாரு!" என்று கத்தினார்கள். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கையெடுத்துக்கூடக் கும்பிட்டார்கள். கடவுளே! அந்தத் தேத்தண்ணியை எப்படி விழுங்கினேனோ. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐம்பது முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

டிரைவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாஸோடு சக்கரத்துக்குக் கீழே குனிந்தார். நான் ஹோஸின் பூணைப் பெட்ரோல் துணியால் தேய்த்து, நம்பரைப் புத்தகத்தோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பாஸ் மாட்டினார். பிறகு குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டும். டிரைவர் மேலே ஏறிப் பிரேக்கை மிதிக்க, பாஸ் கீழே திருகைத் திறந்து மூட, நான் எண்ணெய் ஊற்றினேன். "மிதிங்க… புடிங்க… விடுங்க" என்று பாஸ் சொல்லச் சொல்ல, குமிழி வருவது நிற்கும்வரை செய்தோம்.

முடிந்ததும் பொம்பளைகள் விடவில்லை. மறுபடி எலுமிச்சம்பழம், மறுபடி சுற்று என்றார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. லாரி மெல்ல நகர, நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டே கூட நடந்தேன். அதே மூலை வந்தது. ஸ்டியரிங் முழுசாக ஒடிந்தது. ஹோஸ் வளைந்து, இன்னும் இரண்டு இன்ச் தளர்வாகத் தொங்கியது. "சரியா இருக்குண்ணே! சரியா இருக்கு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

சனம் பின்னால் ஏறியது. நான் வேனை நோக்கி நடந்தேன். "தம்பி" என்று டிரைவர் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க இங்க, முன்னால ஏறுங்க."

"இல்லண்ணே, கவுண்டர்ல ஆளு இல்ல…"

"ஏறுங்க."

ஏறினேன். நடுவில் பொண்ணு, ஓரத்தில் நான். பாஸ் வேனில் பின்னாலேயே வந்தார். கினிகத்தேனைக்கு இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் என் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பின்னால் பாட்டுப் பாடி, விசிலடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பொண்ணு ஒரு தடவை என்னைப் பார்த்து, "தலை சுத்துதாண்ணே? எலுமிச்சங்கா மோந்து பாக்குறீங்களா?" என்று தன் கையில் இருந்ததை நீட்டியது. வாங்கி மோந்தேன். கினிகத்தேனை வந்தது, ஹட்டன் வந்தது. ஹட்டனில் பாஸ் ஹார்ன் அடித்துவிட்டுக் கடைப்பக்கம் திரும்பினார். தலவாக்கலை தாண்டினோம். பிரேக் ஒவ்வொரு தடவையும் பிடித்தது. பிடிக்கப் பிடிக்க நெஞ்சிலிருந்து எதையோ ஒவ்வொரு கல்லாக இறக்கி வைத்தது போலிருந்தது.

டயகமவில் மேளச் சத்தத்தோடு வந்து பொண்ணை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். லாரி காலியானது. டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, ஆத்தா ஒண்ணும் பண்ணலண்ணே. தப்பு என்னோடது. பூசைக்கு எடுத்த சாமான நான்தான் பொட்டி மாத்திப் போட்டேன். நம்பரப் பாக்கல."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எட்டரைக்கு ஹோஸு பிஞ்சுது. எட்டே முக்காலுக்கு நீங்க இன்னொரு ஹோஸோட வந்து நிக்குறீங்க. பிஞ்சது எங்களுக்கே அப்பத்தான் தெரியும். ஒங்களுக்கு ஹட்டன்ல யாரு வந்து சொன்னா?"



"அங்கயே கேட்டிருக்கலாமேண்ணே."

"கேட்டா ஒங்கள உசுரோட விட்டிருப்பானுங்களா? எங்க மச்சான்மாருங்கள ஒங்களுக்குத் தெரியாது." அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "அந்த எடத்துல இருந்து இந்த எடம் வரைக்கும் இப்புடித்தான் நடுங்குச்சு. ஒங்க மேல கோவம்தான். கொன்னு போடலாம்னு கோவம். ஆனா ஒண்ணு. மூடிக்கிட்டுக் கடையிலயே இருந்திருக்கலாம். ஓடியாந்தீங்க. அதுனாலதான் முன்னால ஏத்துனேன். நீங்க குடுத்த சாமான நம்பி எம் மவ ஒக்காந்தா, நீங்களும் அவ பக்கத்துல ஒக்காந்து வரணும். அவ்வளவுதான்."

நான் அழுதேன். நல்ல வெள்ளைச் சட்டை போட்ட ஆள், லாரிக்குள் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதேன். அவர் பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, என் பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து முன்சக்கரத்துக்கு உள்ளே கையைவிட்டு ஹோஸைத் தடவிப் பார்த்தார். கையில் எண்ணெய் ஈரம் இல்லை. அதை என்னிடம் காட்டினார்.

"காஞ்சு கெடக்கு. எறங்குங்க, பந்தி போட்டுட்டாங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டீங்க."

சாப்பிடவில்லைதான். போய் உட்கார்ந்தேன். மூன்று தடவை சோறு வாங்கினேன்.